வெளிச்சம் படாமல்

காந்தலில் கரண்ட் போனால்
தெருவே மெழுகுவத்தி தேடும்.
எங்கள் வீட்டில் அம்மா
தாளிப்பதை நிறுத்தமாட்டாள்.
கடுகு, உளுந்து, கிள்ளிய மிளகாய்
கை போகும் வரிசையில் நின்றிருக்கும்.
"கைக்குத் தெரியாததா
கண்ணுக்குத் தெரியப்போவுது?"

எமிலி புஷ்பம், டோக்கன் நம்பர் 1147.
பிலிம் கம்பெனியில் பதினெட்டு வருஷம்.
வெட்டிய பிலிமைச் சுருட்டிக்
கருப்புத்தாளில் பொதிகிற வேலை.
ஒரு பொட்டு வெளிச்சம் கூடாது.
வளையல் கூடாது, பவுடர் கூடாது.
இருட்டில் ஆளோடு ஆள் மோதாமலிருக்க
அங்கே பெண்கள் மெதுவாக
"வர்றேன், வர்றேன்" என்று
சொல்லிக்கொண்டே நடப்பார்களாம்.
வீட்டிலும் அப்படித்தான் நடந்தாள்.
நடுராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தாலும்
சமையலறை வரைக்கும்
வர்றேன், வர்றேன்.

கல்லட்டி இறக்கத்தில் லாரியோடு
அப்பா போன வருஷம்
காலை ஷிப்டைக் கேட்டு வாங்கினாள்.
குழாயில் தண்ணீர் உறைந்து கிடக்கிற நேரத்தில்
இருட்டில் கிளம்பி இருட்டுக்குள் போவாள்.
பள்ளிக்கூடம் விட்டு நான் வரும்போது
கதவு திறந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.
தட்டில் இரண்டு வர்க்கி.
எதிரே உட்கார்ந்து
நான் தின்பதைப் பார்த்தபடியே தூங்கிப்போவாள்,
கண் திறந்திருக்கும்.

ஷெரினின் அப்பாவுக்கு
இந்தக் கவிதையில் இடமில்லை.

அவளுக்கு ஒன்றரை வயதில் நான் குவைத் போனேன்.
அம்மா வேலையை எழுதிக்கொடுத்துவிட்டு வந்தாள்.
அந்தப் பணம்தான் என் விசா.
ஏர்போர்ட் கழிப்பறையில்
கட்டிய பாலைப் பிழிந்து ஊற்றிவிட்டு
வார்டுக்குப் போகிற நடையில் வெளியே வந்தேன்.

பதினாலு வருஷம்.
மாதா மாதம் பத்தாம் தேதி பணம்.
வெள்ளிக்கிழமை போன்.
"உன் போட்டோவைப் பாத்து
அம்மா அம்மாங்கறா" என்பாள்.
பொய்.
ஷெரினே பிறகு சொன்னாள்,
அந்தப் போட்டோவுக்கு அவள் வைத்திருந்த பெயர்
குவைத்.

முதல் லீவில் வந்தபோது
குழந்தை என்னிடம் வரவில்லை.
அம்மா தன் ஸ்வெட்டரைக் கழற்றி
எனக்குப் போட்டுவிட்டாள்.
விறகுப் புகையும் நீலகிரித் தைலமும் கலந்த வாசனை.
அன்று ராத்திரி
ஷெரின் என் கழுத்தில் மூக்கை வைத்துத் தூங்கினாள்.
ஸ்வெட்டர் இல்லாமல் அம்மா
அடுப்போரம் உட்கார்ந்திருந்தாள்.

கோயம்புத்தூரில் நெஞ்சு எக்ஸ்ரே.
டாக்டர் அதை விளக்குப் பெட்டியில் மாட்டினார்.
அம்மா எழுந்து போய்
ஓரத்தை விரலால் தடவினாள்.
"இது நம்ம பிலிம் இல்ல சார்."
கம்பெனி மூடி எவ்வளவோ காலம்.
டாக்டர் என்னைப் பார்த்தார்.
நான் நர்ஸ், எனக்குப் படிக்கத் தெரியும்.
வலது பக்கம் கீழே வெள்ளை,
ஜனவரியில் ரேஸ்கோர்ஸ் புல்லில்
விடிவதற்குள் விழுந்து கிடக்குமே, அது.
"எங்க வெட்டு
இவ்வளவு பிசிறா இருக்காது" என்று
பஸ்ஸில் குன்னூர் வரைக்கும் சொல்லிக்கொண்டு வந்தாள்.

போஸ்டர் அடிக்கப் போட்டோ கேட்டார்கள்.
பீரோவில் நான் இருந்தேன், நிறைய ஷெரின் இருந்தாள்,
நன்மை வாங்கிய உடுப்பில், பல் விழுந்த வாயோடு.
அம்மா என்று தேடினால்
கம்பெனி அட்டையில் ஒன்று.
தோளின் மேல் ரப்பர் ஸ்டாம்ப், வயது முப்பத்திரண்டு.
வெளிச்சம் கூசிக் கண்ணைச் சுருக்கியிருக்கிறாள்.
காந்தல் சுவரெல்லாம் இப்போது
என்னைவிட எட்டு வயது இளையவள்
மழையில் நனைகிறாள்.

ஏழாம் நாள் பூசை முடிந்து
வந்தவர்கள் போன பிறகு
கரண்ட் போனது.
என் வீட்டிலேயே எனக்குத் தீப்பெட்டி
எங்கே என்று தெரியவில்லை.
சுவரைத் தடவினேன். நாற்காலி இடித்தது.
அந்தப் பக்கமிருந்து
யாரிடமும் இல்லாமல், மெதுவாக,
"வர்றேன், வர்றேன்."

நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிவிட்டேன்.
ஷெரின் கடந்து போனாள்.
டீத்தூள் டப்பா திறக்கும் சத்தம்.